எந்த வேலைக்கு எந்த மெட்டீரியல்? அம்பத்தூர் கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ராடு, பிளேட், ஷீட் விற்கும் கவுன்ட்டரில் எனக்கு வேலை. லேத் பட்டறைக்காரர், டிப்ளமோ படிக்கும் தம்பிகள், கடற்கரைப் பக்கம் வீடு கட்டுகிறவர், புதிதாக யூனிட் போட்டவர் என்று யார் வந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்களில்தான் வந்து நிற்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லவில்லை. அதனால் முதல் மூன்றை மட்டும் தாண்டாமல் படித்துவிடுங்கள், மீதி சுலபமாகப் புரியும்.

எம்.எஸ்., இ.என்.8, இ.என்.24 எல்லாம் இரும்புதானே? எதுக்கு இத்தனை பேரு?

எல்லாம் இரும்புதான். இந்தப் பெயர்கள் ஸ்டீலின் கிரேடுகள், உள்ளே கலந்திருக்கும் கார்பனும் மற்ற உலோகங்களும்தான் வேறு. நாம் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்று வாங்கும் ஐ.எஸ். 2062 இ250 பிளேட்டில் கார்பன் கால் சதவீதத்துக்கும் குறைவு. இ.என்.8ல் 0.35 முதல் 0.45 சதவீதம் வரை. பேரிங்குக்குப் போகும் இ.என்.31ல் ஏறக்குறைய ஒரு சதவீதம். கார்பன் ஏற ஏற, சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் இரும்பு கடினமாகும். கூடவே வெல்டிங் சிரமமாகும், விரிசல் விடும் ஆபத்தும் கூடும்.

இ.என்.24ல் கார்பன் இ.என்.8 அளவுதான். ஆனால் அதில் நிக்கல் சுமார் ஒன்றரை சதவீதம், குரோமியம் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், கொஞ்சம் மாலிப்டினம் இருக்கிறது. இவை இருப்பதால் தடித்த ராடும் மேல்தோலோடு நிற்காமல் நடுப்பகுதி வரை கடினமாகிறது. விலை ஏறுவது அதற்குத்தான்.

ஸ்ட்ராங், ஹார்டு, டஃப்... எல்லாம் ஒண்ணுதானே சார்?

இல்லை. பாதி தவறான கொள்முதல் இந்த மூன்றையும் ஒன்றாக்குவதால் நடக்கிறது. எவ்வளவு பாரம் தாங்கிய பிறகு நிரந்தரமாக நீள்கிறது அல்லது வளைகிறது என்பது வலிமை. இ250 பிளேட் என்றால் 250 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் விசை) வரை இழுத்து விட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கீறலையும் தேய்மானத்தையும் எதிர்க்கும் குணத்துக்குத்தான் கடினம் (ஹார்டு) என்று பெயர். அடி விழும்போது முறியாமல் அந்த அடியைத் தனக்குள் வாங்கிக்கொள்வதைத்தான் டஃப் என்கிறோம்.

பட்டறையில் இருக்கும் அரத்தைப் பாருங்கள். எம்.எஸ்.ஸை வெண்ணெய் மாதிரி ராவும், சிமென்ட் தரையில் விழுந்தால் இரண்டாகும். அதே உயரத்திலிருந்து எம்.எஸ். ராடு விழுந்தால் ஒன்றும் ஆகாது. கடினத்தை ஏற்றினால் பெரும்பாலும் இந்தத் தாங்குகுணம் இறங்கும். அதனால்தான் ஹார்டனிங் முடிந்ததும் டெம்பரிங் என்று மறுபடி மிதமாகச் சூடாக்கி, கடினத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, முறியாத தன்மையைத் திரும்ப வாங்குகிறார்கள்.

இவற்றோடு நான்காவதாக ஒன்று உண்டு: விறைப்பு. அடுத்த கேள்வி முழுக்க அதைப் பற்றித்தான்.

ஷாஃப்ட் ஓடும்போது வளையுது. எம்.எஸ்.ஸ எடுத்துட்டு இ.என்.24 போட்டா நிக்குமா?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: மெஷினை நிறுத்தியதும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) நேராகிவிடுகிறதா, வளைந்தபடியே இருக்கிறதா? வளைந்தபடியே இருந்தால் அது வலிமைப் பிரச்சினை. இ.என்.24 நிச்சயம் உதவும். பாரம் எடுத்ததும் நேராகிவிடுகிறது என்றால் அது விறைப்புப் பிரச்சினை. இ.என்.24 போட்டால் காசுதான் போகும், வளைவு அப்படியே இருக்கும்.

காரணம் இதுதான். விறைப்பை அளக்கும் யங் குணகம் எம்.எஸ்.ஸுக்கும் சுமார் 200 முதல் 210 ஜிகாபாஸ்கல், இ.என்.8க்கும் அதேதான், ஹார்டன் செய்த இ.என்.24க்கும் அதேதான். இரும்பு அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலத்திலிருந்து வருவது அது. கொஞ்சம் நிக்கல் சேர்ப்பதாலோ ஹீட் ட்ரீட்மென்ட் செய்வதாலோ அது சொல்லும்படி மாறாது. அலுமினியத்துக்கு 70 ஜிகாபாஸ்கல். அதாவது அதே அளவில் அலுமினிய ஷாஃப்ட் போட்டால் மூன்று மடங்கு வளையும்.

அப்போது வழி என்ன? விட்டத்தைக் கூட்டுங்கள். வளைவு விட்டத்தின் நான்காம் படிக்கு எதிராகப் போகும். 25 மி.மீ. ஷாஃப்ட்டை 30 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதற்கு இடம் இல்லையா? பேரிங்குகளை நெருக்கி வையுங்கள். நடுவில் 400 மி.மீ. இடைவெளி இருந்ததை 300 ஆக்கினால் அதே பாரத்துக்கு வளைவு பாதிக்கும் கீழே வரும். சாதாரண எம்.எஸ். ஷாஃப்ட்டிலேயே இது நடக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் விலையுயர்ந்த ஸ்டீலுக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

வெயிட் எப்படிக் கணக்குப் போடறது?

இரும்பு ரவுண்டு ராடுக்கு விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதையே அதால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 25 மி.மீ. ராடு என்றால் 625 வகுத்தல் 162, சுமார் 3.86 கிலோ. பிளேட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 7.85 கிலோ. அலுமினியம் என்றால் வந்த விடையை 2.9ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பில்லுல இ.என்.8னு இருக்கு. உள்ள இருக்கறதும் அதுதான்னு எப்படி நம்பறது?

பட்டறையில் உடனே பார்க்க வேண்டும் என்றால் கிரைண்டரில் தீப்பொறி பாருங்கள். வெளிச்சம் குறைந்த மூலையில், ஒரே அழுத்தத்தில், பக்கத்தில் தெரிந்த கிரேடு துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எம்.எஸ். நீளமான, நேரான பொறி விடும், நுனியில் பூப்பது குறைவு. கார்பன் ஏற ஏறப் பொறி குட்டையாகி, நுனியில் மத்தாப்பு மாதிரி கிளைகிளையாகப் பூக்கும். வார்ப்பிரும்பு மங்கலான சிவப்பில் குட்டையாக விடும். கைப்பழக்கம் உள்ளவருக்கு எம்.எஸ்.ஸா இ.என்.8ஆ என்று சொல்ல இது போதும். இ.என்.19ஆ இ.என்.24ஆ என்று சொல்ல இது போதாது.

பெரிய ஆர்டர் என்றால் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். காகிதம் இருந்தால் மட்டும் போதாது, அதிலுள்ள ஹீட் நம்பரும் (ஒரே உருக்கலில் வந்த இரும்புக்கு மில் தரும் எண்) ராடில் பஞ்ச் செய்த நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு துண்டை லேபில், கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே துப்பாக்கியும் நல்ல கருவிதான். ஆனால் அது கார்பனைக் காட்டாது. 304, 304எல் என்ற இரண்டு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கிரேடுகளுக்குக் கார்பன் மட்டும்தான் வித்தியாசம் என்பதால் அங்கே அந்தத் துப்பாக்கி உதவாது.

காந்தம் ஒட்டலன்னா அது ஒரிஜினல் எஸ்.எஸ். தானே?

செம்புதாஸ் தெருவில் காந்தத்தோடு வந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். காந்தம் சொல்வது மிகக் கொஞ்சம். 304, 316, 202 என்ற எஸ்.எஸ். கிரேடுகள் எதிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. அதனால் 304 என்று சொல்லி 202 கொடுத்தால் காந்தம் காட்டிக்கொடுக்காது. 430ம் 410ம் அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், ஆனால் நன்றாக ஒட்டும். வளைத்த இடத்திலும் அழுத்தித் தேய்த்த இடத்திலும் நல்ல 304கூட லேசாக ஒட்டும். ஒட்டுவதாலோ ஒட்டாததாலோ தரம் முடிவாகாது.

சரி, அப்ப 202, 304, 316ல பெசன்ட் நகர் வீட்டு கேட்டுக்கு எது?

316. கடலிலிருந்து உள்ளே தள்ளி, அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் என்றால் 304 போதும். 202 வீட்டுக்குள்ளே, உப்புக் காற்று படாத இடத்துக்கு மட்டும். 304ல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202ல் நிக்கலைக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைப் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் மலிவு. 316ல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் உண்டு. உப்பிலுள்ள குளோரைடு, குரோமியத்தின் கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலத்தைத் துளைக்கப் பார்க்கும்போது அதைத் தடுப்பது இந்த மாலிப்டினம்.

316தான் போட்டேன். ஆறு மாசத்துல பழுப்புப் புள்ளி. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்றியிருக்கலாம், ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. கேட்டின் மேல் பைப்பை அடிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், புள்ளிகள் அங்கேதான் அதிகம் இருக்கும். மேல்பக்கத்து உப்பை மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தில் உப்பு சேர்ந்து, இரவு ஈரத்தில் ஊறி, பகலில் காய்ந்து, மறுபடி ஊறுகிறது. மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவினாலே பாதி போய்விடும். கரடுமுரடான பாலிஷில் உப்பு தங்கும், வழவழப்பான பாலிஷில் தங்காது. கடலோரத்துக்கு மிரர் பாலிஷ் கேளுங்கள், அழகுக்காகச் சொல்லவில்லை.

அடுத்து வெல்டிங் வைத்த இடம். நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய பட்டை இருந்தால், அங்கே காப்புப் படலம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பிக்ளிங் பேஸ்ட் (ஆசிட் பசை) போட்டு எடுத்திருக்க வேண்டும். மூன்றாவது, பக்கத்திலேயே எம்.எஸ். கிரில்லை கிரைண்டரில் தேய்த்திருந்தால் அந்தப் பொறிகள் வந்து ஒட்டி, அவை துருப்பிடிக்கும். எஸ்.எஸ். கெடவில்லை, அதன் மேல் விழுந்த இரும்புத்தூள் கெட்டது. எஸ்.எஸ். வேலைக்குத் தனி வீல், தனி பிரஷ் வைக்காத பட்டறையில் 316 கொடுத்தும் பிரயோசனம் இல்லை.

போர் தண்ணிக்கு எஸ்.எஸ். டேங்க் போட்டேன், ஊசி முனை மாதிரி ஓட்டை விழுது. ஏன்?

மேலே சொன்ன அதே குளோரைடுதான். கடலோரப் பகுதிகளில் பல இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரைடு வரை 304, 1000 வரை 316 என்பது துறையில் கையாளும் தோராயக் கணக்கு. தண்ணீர் சூடாக இருந்தாலோ, தேங்கி நின்றாலோ, அடியில் சேறு படிந்தாலோ இதிலும் பாதிதான் நம்பலாம். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். உப்பு அதிகம் என்றால் பிளாஸ்டிக் டேங்க் வாங்குங்கள். நான் எஸ்.எஸ். விற்கிறவன், அப்படியிருந்தும் இதைத்தான் சொல்வேன்.

கடல்நீரையே கையாளும் இடத்தில் 316ம் பற்றாது. மீஞ்சூர், நெம்மேலி மாதிரி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளின் தொழிலில், அதிக அழுத்தக் குழாய்களுக்கு சூப்பர் டூப்ளெக்ஸ் என்ற வகையைத்தான் பொதுவாகத் தேடுகிறார்கள். குரோமியம், மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு மூன்றையும் கூட்டினால் ஓர் எண் வரும், அது பெரிதாக ஆகக் குளோரைடு போடும் ஓட்டையை அதிகம் எதிர்க்கும். 304க்கு அது 18, 19 அளவு, 316க்கு 24 பக்கம், சூப்பர் டூப்ளெக்ஸுக்கு 40க்கு மேல்.

எஸ்.எஸ். வேணாம், ஜி.ஐ. போதும்னா?

பல வேலைக்குப் போதும். ஆனால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) என்று எதைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது ஹாட் டிப். ஆறு மி.மீ.க்கு மேல் தடித்த இரும்பில் அதன் பூச்சு சராசரி 85 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். மின்சாரத்தில் பூசும் ஜிங்க் பிளேட்டிங் பெரும்பாலும் 5 முதல் 12 மைக்ரான்தான். பளபளப்பில் பிளேட்டிங் ஜெயிக்கும், எண்ணூர் காற்றில் ஹாட் டிப் ஜெயிக்கும். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பதால், எவ்வளவு தடிமன் பூச்சோ அவ்வளவு ஆயுள்.

பூசிய பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும். வெல்டிங், துளை எல்லாம் முடித்துவிட்டு முக்கக் கொடுங்கள். மூடிய பைப்பாக இருந்தால் காற்றுப் போக ஓட்டை விட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், இல்லையென்றால் சூட்டில் வெடிக்கும். பூசியதைத்தான் வெல்டிங் செய்தாக வேண்டும் என்றால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

எஸ்.எஸ். போல்ட்டும் நட்டும் பாதியிலயே பிடிச்சுக்குது, வெட்டித்தான் எடுக்கணும்போல.

மரைகள் ஒன்றோடொன்று உரசிக் குளிர்நிலையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. எஸ்.எஸ்.ஸில் இது சகஜம். மரையில் ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவுங்கள், ஏர் கன்னில் வேகமாக முறுக்காமல் கையால் மெதுவாக முறுக்குங்கள்.

எல்லாரும் காஸ்ட் அயன் பழசுங்கறாங்க. அப்புறம் ஏன் மெஷின் பெட் இன்னும் அதுலயே வருது?

ஏனென்றால் அந்த வேலைக்கு அதை அடிக்க ஆளில்லை. கிரே காஸ்ட் அயன் என்ற சாதாரண வார்ப்பிரும்புக்குள் கார்பன், கிராஃபைட் செதில்களாக விரவிக் கிடக்கிறது. அதிர்வு வந்தால் அந்தச் செதில்கள் அதை விழுங்கிவிடுகின்றன. வார்ப்புத் துண்டைத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினால் தொப்பென்று நிற்கும், அதே அளவு ஸ்டீலைத் தட்டினால் மணிபோல ஒலித்துக்கொண்டே இருக்கும். வெட்டும் கருவி நடுங்காமல் இருக்க அந்த ‘தொப்’தான் வேண்டும். அழுத்தத்தையும் நன்றாகத் தாங்கும், வேண்டிய வடிவில் வார்த்தெடுக்கலாம்.

இழுத்தால்தான் பலவீனம். எஃப்.ஜி. 260 என்ற கிரே அயன் கிரேடு என்றால் இழுவலிமை 260 மெகாபாஸ்கல், நீட்சி ஏறக்குறைய இல்லை. அடி வாங்கும் பாகம் என்றால் எஸ்.ஜி. அயன் போடுங்கள். அதில் கிராஃபைட் உருண்டையாக இருக்கும், விரிசல் ஓட வழி இருக்காது. எஸ்.ஜி. 400/15 என்றால் 400 மெகாபாஸ்கல், 15 சதவீத நீட்சி. விரிசல் விட்ட கிரே அயனுக்கு வெல்டிங் வேண்டும் என்றால் நிக்கல் ராடு, குட்டிக்குட்டியாக வைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

அலுமினியம் ஃபிரேம் வெல்டிங் பக்கத்துல விட்டுப்போகுது. வெல்டர் சரியில்லையா?

வெல்டர் மேல் தப்பு இல்லாமலும் இது நடக்கும். 6061 டி6 என்ற அலுமினியத்தின் பலம் ஹீட் ட்ரீட்மென்ட்டால் வந்தது. வெல்டிங் சூடு பட்ட பட்டையில் அந்தப் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெல்டிங் வைத்த கோடு நன்றாக நிற்கும், பக்கத்திலிருக்கும் உலோகம்தான் விட்டுப்போகும். பாரம் அதிகம் வராத இடத்துக்கு வெல்டிங்கைத் தள்ளுங்கள், அங்கே தடிமன் கூட்டுங்கள், அல்லது போல்ட் போடுங்கள். ஜன்னல் செக்ஷனுக்கு வரும் 6063, கடையில் எச்.இ.30 என்று கேட்கும் 6082, இரண்டுக்கும் இதே கதைதான்.

செம்புக்குப் பதிலா அலுமினியம் வயர் போடலாமா?

மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பின் 61 சதவீதம். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஒரே மின்சாரத்துக்குக் கம்பி தடிமனாக வேண்டும், ஆனாலும் எடை பாதிதான் வரும். கோபுரத்துக்குக் கோபுரம் தொங்கும் மின்கம்பி நடுவில் ஸ்டீல், சுற்றிலும் அலுமினியமாக இருப்பது இதனால்தான். வீட்டுக்குள் செம்பே நல்லது. இரண்டையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்காதீர்கள், நம் ஊர் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், ஜாயின்ட் சூடாகும். ஒரு பக்கம் செம்பும் மறுபக்கம் அலுமினியமுமாக வரும் பைமெட்டல் லக் போடுங்கள்.

பம்ப் புஷ்ஷுக்குப் பித்தளையா, கன்மெட்டலா?

புஷ் என்பது ஷாஃப்ட் சுழலும் துளையில் போடும் வளையம். அது தண்ணீரில் நிற்கும் என்றால் கன்மெட்டல் (வெள்ளீயம் கலந்த செம்பு). பித்தளையில் துத்தநாகம் அதிகம். உப்புத் தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துவிட்டு, சிவந்த, பஞ்சுபோன்ற செம்பை விட்டுவைக்கும். பார்க்க முழுசாக இருக்கும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். வேகமும் பாரமும் அதிகம் என்றால் பாஸ்பர் பிரான்ஸ். அப்போது ஷாஃப்ட்டும் கடினமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் புஷ் ஷாஃப்ட்டைத் தின்னும்.

நைலான் புஷ் வெயில் காலத்துல நல்லா ஓடுது, நவம்பர் வந்தா ஷாஃப்ட்ட பிடிச்சுக்குது!

நைலான் ஈரத்தைக் குடிக்கும். நைலான் 6 முழுதாக ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை தண்ணீர் ஏற்றும், சாதாரணக் காற்றிலேயே இரண்டரை, மூன்று சதவீதம் ஏற்றும். குடித்தால் பெருக்கும். 50 மி.மீ.யில் அரை சதவீதம் பெருத்தால்கூடக் கால் மி.மீ. ஆகிவிடுகிறது. இப்போது புஷ்ஷை இரும்பு ஹவுசிங்கில் அடித்து ஏற்றியிருப்பீர்கள். வெளிப்பக்கம் பெருக்க இடம் இல்லை. அதனால் பெருப்பு முழுக்க உள்பக்கம் வந்து துளையைச் சுருக்கி ஷாஃப்ட்டை இறுக்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் மெஷின் நிற்பது இப்படித்தான்.

டெல்ரின் என்று கேட்கும் அசெட்டால் ராடு வாங்குங்கள். அது ஈரம் குடிப்பது மிகக் குறைவு, அளவும் மாறாது, கடைசல் வேலையும் சுத்தமாக வரும். அடி விழும் இடம், தூசி அதிகமான இடம் என்றால் நைலானே மேல். அப்போது கிளியரன்ஸைத் தாராளமாக விடுங்கள். சூடும் கெமிக்கலும் என்றால் டெஃப்ளான், 260 டிகிரி வரை தாங்கும். ஆனால் பாரத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும். மின்சாரம் கடத்தாத தட்டையான பாகம் என்றால் ஹைலம் ஷீட். பிளாஸ்டிக்கில் ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்பும் தம்பிகளுக்கு கிண்டியில் 1968 முதல் சிப்பெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

மெஷின்ல இருக்கறப்ப சைஸ் சரியா இருந்துச்சு. கஸ்டமர் இடத்துல குறையுதுங்கறாங்க.

அளவைக்கான உலகப் பொதுவெப்பநிலை 20 டிகிரி. நம் ஷெட்டில் மே மாதம் 40ஐத் தொடும். மில்லிங்கிலிருந்து சூடாக எடுத்த 200 மி.மீ. அலுமினியத் துண்டு 15 டிகிரி ஆறினால் 0.07 மி.மீ. சுருங்கும். அதே நீள இரும்பு அதில் பாதிதான். இரும்பு வேலையை இரும்பு மைக்ரோமீட்டரால், இரண்டையும் ஒரே சூட்டில் வைத்து அளந்தால் தப்பு பெரும்பாலும் கழிந்துவிடும். அலுமினியத்தில் கழியாது. வேலையையும் கருவியையும் ஏ.சி. ரூமில் மேஜைமேல் சில மணி நேரம் போட்டுவைத்துவிட்டு அளப்பதுதான் வழி.

டி.எம்.டி. கம்பியக் கடைஞ்சு போல்ட் பண்ணலாமா? மீந்து கிடக்கு.

வேண்டாம். டி.எம்.டி. கம்பியை மில்லில் சிவக்கச் சிவக்க வரும்போதே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள். மேல்தோல் வளையம் கடினமாகிறது, உள்ளே மென்மையாகவே இருக்கிறது. எஃப்.இ. 500 என்ற அந்த 500 மெகாபாஸ்கல் இரண்டும் சேர்ந்து தருவது. லேத்தில் கடைந்தால் முதலில் போவது அந்த வளையம்தான்.

கூடவே வரும் கேள்வி, 500ஆ 550ஆ என்பது. எண் பெரிதாக இருப்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. பின்னால் ‘டி’ எழுத்து இருக்கிறதா பாருங்கள். 500க்கு நீட்சி குறைந்தது 12 சதவீதம், 500டிக்கு 16. கட்டிடம் அசையும்போது முறியாமல் நீண்டு கொடுப்பது இந்த நீட்சிதான். எஞ்சினியர் எழுதிக்கொடுத்த கிரேடை நீங்களாக மாற்றாதீர்கள்.

304க்கும் 304எல்லுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? கல்பாக்கத்துல 316எல்.என்.னு ஏதோ போடறாங்களாமே?

‘எல்’ என்றால் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது. வெல்டிங்கின்போது 450 முதல் 850 டிகிரியில் நிற்கும் பட்டையில் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், சுற்றுப்புறம் குரோமியம் இல்லாமல் ஏழையாகி அரிக்கும். கார்பனைக் குறைத்தால் அந்தத் தொல்லை இல்லை. தடித்த பிளேட்டில் வெல்டிங் என்றால் எல் கிரேடுதான் கேட்க வேண்டும்.

கார்பன் குறைந்தால் பலமும் கொஞ்சம் குறையும். அதை ஈடுகட்ட நைட்ரஜன் சேர்ப்பதுதான் ‘எல்.என்.’. கல்பாக்கத்தின் வேக ஈனுலை (ஒரு வகை அணு உலை) முன்மாதிரியில் உருகிய சோடியம் ஓடுகிறது. அதன் முக்கியப் பாகங்களுக்கு 316எல்.என்.னைத் தேர்ந்தெடுத்தார்கள், நீராவி உண்டாக்கும் பகுதிக்கு 9 சதவீதக் குரோமியமும் 1 சதவீத மாலிப்டினமும் கலந்த வேறொரு ஸ்டீல். ஒரே உலைக்குள்ளேயே இடத்துக்கு இடம் மெட்டீரியல் மாறுவதைக் கவனியுங்கள். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப்.பும் 1955ல் தொடங்கிச் செய்துவந்த பழைய வகை ரயில் பெட்டியை 2018ல் நிறுத்திவிட்டு, இன்று வந்தே பாரத் வரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கட்டுகிறது.

எம்.எஸ். பின் ஒண்ண ஹார்டனிங்குக்குக் கொடுத்தேன், ஆகவே இல்லையே?

முதல் கேள்வியைப் பாருங்கள், கடினமாக வேண்டிய கார்பன் அதில் இல்லை. மேல்தோல் மட்டும் போதும் என்றால் 900 டிகிரிக்கு மேல் வைத்துக் கார்பனை ஏற்றும் கேஸ் ஹார்டனிங் கேளுங்கள். அதற்கென்றே உள்ள இ.என்.353, 20எம்.என்.சி.ஆர்.5 இன்னும் நன்றாக வரும். கியர் பல்லுக்கு இதுதான் சரி, மேலே தேயாது, உள்ளே முறியாது. எப்படியும் அளவு கொஞ்சம் மாறும், கிரைண்டிங்குக்கு மீதி விட்டுக் கொடுங்கள்.

12.9 போல்ட்டு துரு பிடிக்கக்கூடாதுன்னு ஜிங்க் பிளேட்டிங் பண்ணேன். டைட் பண்ணி மறுநாள் தலை தெறிச்சுப் போச்சு. போல்ட்டு டூப்ளிகேட்டா?

போல்ட் அசலாகவே இருந்திருக்கலாம். ஆசிட்டில் கழுவும்போதும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துகொள்கிறது. மென்மையான எம்.எஸ். அதைப் பொருட்படுத்தாது. 1200 மெகாபாஸ்கல் வலிமையுள்ள 12.9 பொறுக்காது. டைட் செய்தபோது ஒன்றும் தெரியாது, இழுவிசையிலேயே நிற்கும்போது சில மணி நேரத்திலோ சில நாளிலோ எச்சரிக்கை இல்லாமல் முறியும். உடைந்த முகத்தில் இழுபட்டு நீண்டதற்கான அடையாளமே இருக்காது.

பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் நெடுநேரம் ஓவனில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றச் சொல்ல வேண்டும். இந்த கிரேடுக்கு அதையும் முழுதாக நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. மின்சாரம் இல்லாமல் பூசும் ஜிங்க் ஃபிளேக் கேளுங்கள். அல்லது 8.8 போல்ட்டைச் சற்றுப் பெரிய அளவில் போட முடியுமா என்று டிசைனரிடம் பேசுங்கள். ஏற்கெனவே பிளேட்டிங் செய்து மாட்டிய மற்ற போல்ட்டுகளையும் கழற்றிவிடுங்கள், அவையும் அதே தொட்டியில் போனவைதான்.

டிராயிங்ல இ.என்.24. ஸ்டாக் இல்ல. இ.என்.19 போட்டுக் கொடுத்துடலாமா?

எந்த விட்டம் என்று முதலில் சொல்லுங்கள். சிறிய விட்டத்தில் இரண்டும் ஒரே கடினத்துக்கு வரும், வித்தியாசம் குறைவு. விட்டம் பெருக்கப் பெருக்க, நிக்கல் இல்லாத இ.என்.19 நடுப்பகுதி வரை கடினமாகாது. இது முதல் பதிலில் சொன்னதேதான். அடி விழும் பாகமா என்று அடுத்துப் பாருங்கள், அங்கேயும் நிக்கல் உள்ளதே மேல். வெறும் விறைப்புக்காக அந்த அளவில் வைத்த பாகம் என்றால் இ.என்.19 தாராளமாகப் போதும், மூன்றாவது பதிலின்படி எம்.எஸ்.கூடப் போதலாம்.

ஆனால் முடிவு உங்களுடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. டிராயிங் போட்டவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, பில்லில் இ.என்.19 என்றே போட்டு, ராடு முனையில் அந்த கிரேடின் பெயின்ட் கலரையும் அடித்து அனுப்புங்கள். அடுத்து ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அதை எடுக்கிறவர் இ.என்.24 என்று நினைத்து வேறு சூட்டில் வைத்துவிடக் கூடாது.